சூடேறாத வான்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நானும் கணவரும் கனடாவில், ஸ்காபரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் ஓர் அடுக்குமாடியில் இருந்தோம். எனக்கு வேலை தொலைவிலுள்ள விட்பி நகரில், கார் ஆசனங்களுக்கு உறை தைக்கும் தொழிற்சாலையில். அவ்வளவு தூரம் பஸ்ஸில் போய் வருவது சரிவராது. அங்கேயே வேலை செய்த ஒருவர் தன் பழைய வானில் எங்கள் ஐந்து பேரை ஏற்றிப் போவார். எல்லோருக்கும் அவர் அண்ணை.

குளிர் தொடங்கியதும் வான் பெற்றோலைக் குடிக்கத் தொடங்கியது. அண்ணை எங்களிடம் வாங்கும் பங்கைக் கூட்டினார். ஒரு மாலை எல்லோரும் ஏறியிருக்க, நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் சொன்னேன்.

"அண்ணை, பின் ரயர் ரெண்டிலயும் காத்துக் காணாது. அதாலயும் பெற்றோல் கூடப் போகும்."

அவர் பின்பக்கம் பார்க்கும் கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்தார். "தங்கச்சி, நீர் உம்மட தையல் மெசினைப் பாரும். வானை நான் பாக்கிறன்."

வானுக்குள் ஒரே சிரிப்பு.

மறுநாள் காலை, கொட்டும் ஸ்னோவில் வழக்கமான இடத்தில் நின்றேன். வான் வந்தது, வேகம் குறைந்தது. நான் காலை எடுத்து வைக்க, அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நேரே ஓட்டிக்கொண்டு போனார். என்னோடு மதியச் சாப்பாட்டைப் பகிர்ந்து உண்ணும் பெண் ஜன்னலோரம் இருந்தாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

பஸ், ரயில், திரும்பவும் பஸ் என்று நான் போய்ச் சேர மத்தியானமாகிவிட்டது. என் மெசினில் வேறொருத்தி இருந்தாள். என்னைப் பெட்டி அடுக்க அனுப்பினார்கள், லொறிகள் வந்து நிற்கும் கதவடிக்கு. கதவு திறக்கும்போதெல்லாம் குளிர் எலும்புக்குள் இறங்கியது. அந்த மனுசனை விடக்கூடாது என்று அங்கேயே முடிவெடுத்தேன்.

லைசென்ஸ் முன்பே எடுத்திருந்தேன். பழைய சின்னக் கார் ஒன்றை வாங்கினோம். அதோடு வந்த கைநூலை அகராதியும் கையுமாக இருந்து படித்தேன். கோபம் இருந்தால் படிப்பு நன்றாக ஏறும். குளிருக்கு ரயரில் காற்றழுத்தம் குறையும் என்பதால் வாராவாரம், கார் ஓடமுதல் அளந்து பார்த்தேன். நின்ற இடத்தில் எஞ்சினை நெடுநேரம் உறுமவிடாமல், கண்ணாடியையும் கூரையையும் துடைத்ததும் மெதுவாக ஓட்டத் தொடங்கினேன். டிக்கிக்குள் கிடந்த வீண் பாரத்தையெல்லாம் இறக்கினேன்.

படிக்கும்போதுதான் இன்னொன்றும் பிடிபட்டது. அண்ணையின் வானில் சூடு காட்டும் முள் விட்பி வரைக்கும் எழும்பாது. ஹீற்றரும் குளிர்காற்றையே ஊதும். எஞ்சின் சூடேறும்வரை ரேடியேற்றர் தண்ணீரை மறித்து வைக்கும் தேர்மோஸ்ராற் என்ற சின்னச் சாமான் திறந்தபடி இறுகிப்போயிருக்க வேண்டும். எஞ்சின் சூடேறாவிட்டால் பெற்றோல் அநியாயமாகப் போகும். அதை மாற்றுவது பெரிய வேலையே இல்லை. நான் வாயே திறக்கவில்லை.

முதலில் வந்தவள் அந்த ஜன்னலோரக்காரிதான்.

"அக்கா, உங்கட காரில நல்ல சூடாமே? நானும் வரட்டே?"

ஏற்றிக்கொண்டேன், மன்னித்தல்ல. அவளுக்குப் பின்னால் மற்ற மூவரும் வந்தார்கள். அந்தப் பெரிய வானில் அண்ணை தனியே போனார். குளிர்காற்றை மறிக்க முன்பக்கத்தில் காட்போட் மட்டையைக் கயிற்றால் கட்டியிருந்தார். நெடுஞ்சாலையில் பின்னால் அந்த மட்டை ஆடி ஆடி வருவதைக் கண்ணாடியில் பார்ப்பதே எனக்கு அந்த மாரிக்காலத்தின் பெரிய சந்தோசம்.

ஒருநாள் வேலை முடிந்து வர, அவர் என் காரடியில் நின்றார். மீசையில் பனி.

"தங்கச்சி, உம்மட கார் உவ்வளவு குறையக் குடிக்குதாம். என்ர வான் சூடாகுதே இல்லை. ஏனெண்டு தெரிஞ்சாச் சொல்லுமன்."

சொல் நாக்கு நுனியில் நின்றது. விழுங்கினேன்.

"குளிருக்கு எல்லா வாகனமும் அப்பிடித்தான் அண்ணை."

வீட்டில் கணவரிடம் சொன்னபோது, "பாவம், ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்" என்றார்.

"ஓம், சொல்லியிருக்கலாம்" என்றேன்.

பனி கரையமுதல் அண்ணை வானை விற்றுவிட்டு, ஸ்காபரோவிலேயே வேறு வேலை தேடிக்கொண்டார். எப்போதாவது சாமான் வாங்கப் போகும் பிளாசாவில் கண்டால் அன்பாகத்தான் சுகம் விசாரிப்பார். நானும் சிரித்துக் கதைப்பேன், தேர்மோஸ்ராற் கதையைத் தவிர. வீட்டுக்கு ஓட்டி வரும்போது மனசு நல்ல லேசாக இருக்கும்.