ஒட்டகம் இல்லாத பாலைவனம்

பெங்களூர் ஓவியக் கண்காட்சியில் ஒரு சுவர் முழுக்க ராஜஸ்தான் பாலைவனம். பார்த்ததுமே சறுக்கி விளையாடக் கால் பரபரத்தது. மகளை இழுத்துக்கொண்டு கிட்டே ஓடினேன்.

கோலார் தங்கவயலில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் சயனைடு மேடு இருந்தது. தங்கம் எடுத்தபின் கொட்டிய மண், மலையாகக் குவிந்திருக்கும். காற்றடித்தால் சோறு நறநறக்கும். அம்மா திட்டத் திட்ட, தகரத்தில் உட்கார்ந்து சறுக்குவோம்.

நாலாம் வகுப்பில் பாலைவனம் வரையச் சொன்னார்கள். நான் அந்த மேட்டை வரைந்து, அடிவாரத்தில் தலையில் சுரங்க விளக்கோடு அப்பாவையும் நிறுத்தினேன்.

"ஒட்டகம் எங்கடி?" என்றார் டீச்சர்.

"எங்க பாலைவனத்துல ஒட்டகம் இல்ல மிஸ். ஷிஃப்ட் முடிஞ்சா அப்பாதான் வருவாரு."

வகுப்பே சிரித்தது. டீச்சர் சிவப்பு மையில் முட்டை போட்டார். வீட்டில் அப்பா அந்த முட்டையைக் கண்டுகொள்ளவே இல்லை. படத்தையே உற்றுப் பார்த்தார்.

"லேம்ப் எரியலையே பாப்பா" என்று மஞ்சள் கிரேயானை எடுத்து, படத்திலிருந்த தன் நெற்றியில் அழுத்தி ஒரு புள்ளி வைத்தார்.

இங்கே மகள் ஒட்டகங்களை எண்ணுகிறாள். நானோ மூக்கு படத்தில் இடிக்கக் குனிந்து, அவற்றை ஓட்டி வரும் ஆளின் நெற்றியில் மஞ்சளைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.