கூப்பிட்ட குரல்

பாட்டனி டவுன்ஸ் கடைத்தொகுதியில் புது ரப்பர் பூட்ஸ் ஒன்றை முகர்ந்தவுடன், இந்தக் கடைகளும் கார் பார்க்கும் வருவதற்கு முன் இங்கே கிடந்த சதுப்புக் குளத்துக்கே போய்விட்டேன். சின்ன வயதில், இந்தத் தென்கோள நாட்டின் மே மாதக் குளிரில், கோரைப்புல் மறைப்புக்குள், பக்கத்து வீட்டு பீட்டரின் துவக்குக்கும் அப்பாவுக்கும் நடுவில் மூச்சை அடக்கிக்கொண்டு இருப்பேன். வாத்து வேட்டைக்கு அசையாத உடம்பும் வாத்தின் குரலில் நல்ல அழைப்பும் வேண்டும் என்பார் பீட்டர். அவருடைய விலை கூடிய ஊதுகுழலையோ வாத்துகள் திரும்பியும் பார்க்காது. வேலையிடத்தில் ஆங்கிலத்துக்குப் பயந்து வாயே திறக்காத அப்பா, உள்ளங்கைகளைக் குவித்து அடித்தொண்டையால் ஒருமுறை கூப்பிட்டால் போதும், வானத்தில் போகிற கூட்டம் வட்டமடித்து, இறகை விரித்தபடி தண்ணீரில் சறுக்கி இறங்கும். பீட்டர் சுடுவார், பிறகு அப்பாவின் முதுகில் தட்டுவார், எனக்குப் பெருமை தாங்காது.

அன்றிரவு அம்மா உறைப்பாகக் காய்ச்சிய வாத்துக்கறி வீடெல்லாம் மணக்கும். அப்பா மட்டும் பருப்போடு சோற்றைப் பிசைவார்.

"ஏனப்பா, வாத்து பிடிக்காதோ?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பிடிக்கும் பிள்ளை," என்றார், சோற்றுக் கோப்பையைப் பார்த்தபடி. "நான் கூப்பிட்டு வந்ததுகளெல்லோ."