படகுக்குப் போட்ட தையல்

ஆம்பூருக்குக் கடல் கிடையாது. பாலாறு உண்டு, அதில் படகு விட்டால் மணலில் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். ஆனாலும் சென்னையில் உடைசலாகக் கிடந்த ஒரு சின்னப் பாய்மரப் படகைச் சும்மா கொடுக்கிறார்கள் என்றதும் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த வருஷம் மழை கொட்டி எங்கள் ஏரி நிரம்பியிருந்தது. அது போதாதா?

நானும் மனைவியும் ஒரே ஷூ கம்பெனி. நான் தையல் லைனுக்கு சூப்பர்வைசர், அவள் செக்கிங் டேபிள். தேறாத ஷூவுக்குச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவாள். சரிசெய்தால் தேறும் என்றால் மஞ்சள். கட்டிய புருஷன் என்ற தாட்சண்யமே கிடையாது, என் லைன் சரக்குக்குச் சிவப்பாகவே கிழிப்பாள். படகை ஒரு சுற்று சுற்றி வந்தவள், "கால் நனையாம இருந்தா ஏறுறேன். நனைஞ்சா இத வாசல்லேர்ந்து தூக்கிடணும்" என்றாள். நான் செய்த ஒன்றையாவது அவள் பாஸ் செய்ய வேண்டும். படகைவிட எனக்கு அதுதான் முக்கியமாக இருந்தது.

செலவில்லாத வைத்தியம் எனக்குத் தெரியும். படகைச் செங்கல் மேல் தூக்கி வைத்து, உள்ளே குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினேன். வெளியே கசிந்த இடங்களில் சாக்பீஸால் வட்டம் போட்டேன். மூன்றே ஓட்டை. நன்றாகக் காயவிட்டு, உப்புத்தாளால் தேய்த்து, ஷூவுக்கு அடி ஒட்டுகிற சொல்யூஷன் தடவி, ரெக்ஸின் துண்டுகளை ஒட்டினேன். மறுநாள் தண்ணீர் ஊற்றிப் பார்த்தபோது ஒரு சொட்டு வரவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். லைனில் என்னோடு வேலை செய்யும் தோஸ்த் வந்து குனிந்து பார்த்தான்.

"தையல் போடாத ஒட்டு இன்னா ஒட்டுப்பா? ரெண்டே நாள்ல வாயப் பொளந்துடும்."

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷம் தையல் சோறு போட்ட உடம்பு. ட்ரில்லால் துளை போட்டு, ஒவ்வொரு ஒட்டைச் சுற்றியும் நைலான் நூலில் இரட்டைத் தையல் போட்டோம். இடைவெளி ஒரு இம்மி பிசகாத ஏற்றுமதித் தரம். தைத்த பிறகு டெஸ்ட் செய்யவில்லை. தையலைச் சந்தேகப்படும் பழக்கம் எங்கள் லைனில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் பாதி ஊர் வேடிக்கை பார்க்கவும், மீதி ஊர் சிரிக்கவும் வந்திருந்தது. மனைவி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள். பாயில் காற்று பிடித்தது. கொஞ்ச தூரம் போனதும் ஒவ்வொரு ஊசித் துளையிலிருந்தும், சரியான இடைவெளியில், தண்ணீர் எட்டிப் பார்த்தது.

அவள் தன் காலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். வெட்கத்தில் எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. பர்ஸைத் திறந்தாள். ஞாயிற்றுக்கிழமையும் ஸ்டிக்கரோடு திரிகிற பெண்ணோடுதான் குடித்தனம் நடத்துகிறேன். ஒன்றைக் கிழித்து, என் சட்டையில் நெஞ்சுக்கு நேராக அழுத்தி ஒட்டினாள்.

பயந்துகொண்டே குனிந்து பார்த்தேன். மஞ்சள்.

"இன்னா பாக்குறீங்க? தண்ணிய மொண்டு ஊத்துங்க" என்றாள். "அடுத்த வாரம் ஊசியத் தொடாம ஒட்டி வைங்க. வர்றேன்."