கிழிசல் வால்காரி

மீன் வளர்ப்பவர்களை எனக்குப் பிடிக்காது. நாய் வளர்ப்பவன் நாயோடு நாலு தெரு நடக்கிறான், அவனுக்கும் தொப்பை குறையும். மீன் வளர்ப்பவன் கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறான். உள்ளே இருப்பதும் அதையேதான் செய்கிறது. இப்படிப்பட்டவர்கள் எங்கள் ஊரில் ஒரு சங்கமே நடத்துகிறார்கள். அந்தச் சங்கத்தின் ஒரே பெண் உறுப்பினர் என் அக்கா.

அக்காவுக்கு ரெடிமேட் துணிக்கடையில் வேலை. கடையின் பின்பக்கம், துணி போட்டுப் பார்க்கும் அறைகளை ஒட்டி அவளுடைய தையல் மிஷின். பேன்ட் நீளம் குறைப்பாள், இடுப்பைப் பிடித்துத் தைப்பாள், கிழிந்த துணியைக் கிழிந்த இடம் தெரியாமல் ஒட்டுப்போடுவாள். "வாங்குறப்ப எல்லாரும் வயித்தை எக்கிட்டு நிக்குறாங்க. அப்புறம் எங்கிட்ட வந்து துணி சுருங்கிடுச்சுன்னு சண்டை" என்பாள். அவள் கல்யாணமே வேண்டாம் என்றவள். நான் செய்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவள். இரண்டு பேருக்கும் ஒரே வீடு. அதில் முன்னறை முழுக்க மீன் தொட்டி, மிச்சமிருந்த இடத்தில் நாங்கள்.

அவள் வளர்த்தது கப்பி மீன். விரல் நீளம்கூட இருக்காது. கறுப்பு உடம்பு, ஆரஞ்சு வால், வால் ஓரம் மட்டும் பிளேடால் கீறியது போலத் தாறுமாறாக இருக்கும். அப்படி வால் வந்தால் ஊனம் என்று மற்றவர்கள் கழித்துக்கட்டுவார்கள். கழித்துக்கட்டியதையெல்லாம் அக்கா கேட்டு வாங்கி வந்தாள். "நாள் பூரா ஊரான் கிழிசலை மறைச்சுக்கிட்டே இருக்கேன். வீட்லயாவது அது பாட்டுக்குத் தெரியட்டுமே" என்றாள். வருஷக்கணக்கில் ஜோடி சேர்த்து, பிறக்கிற குட்டியெல்லாம் அதே வாலோடு வளரும்படி செய்துவிட்டாள். சங்கத்தார் விழுந்து விழுந்து சிரித்தார்கள். 'கிழிசல்' என்று பெயரும் வைத்தார்கள். ஒரு கண்காட்சியில் கிழிசலுக்கு முதல் பரிசு கிடைத்ததும் சிரித்த வாய்களெல்லாம் "டைலரம்மா, எனக்கு ஒரு ஜோடி" என்று பல்லிளித்தன. அக்கா ஒருவருக்கும் தரவில்லை.

அப்புறம் அவளுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. நோயின் பெயரைக் கேட்டபோது அவள் அழவில்லை. "கிருமி தொத்திக்கும், இனிமே மீன் தொட்டித் தண்ணியில கை வைக்கவே கூடாது" என்று டாக்டர் சொன்னபோது அழுதாள். ஆஸ்பத்திரியில் சேருகிற அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் திரும்பி வர்றப்ப கிழிசல் இருக்கணும்டி. என் பேர் சொல்ல வேற என்ன இருக்கு?" என்றாள். தலையை ஆட்டினேன். எனக்கோ ஆண் மீனுக்கும் பெண் மீனுக்கும் வித்தியாசம் தெரியாது. பகலெல்லாம் மருந்துக்கடையில் பில் போடுகிறவள் நான்.

சங்கம் களத்தில் குதித்தது. முதலில் கூட்டம் போட்டார்கள். 'தோள் கொடுப்போம்' என்று தீர்மானம் நிறைவேற்றி, டீ குடித்துவிட்டுக் கலைந்தார்கள். அடுத்து ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். அக்கா இருந்த அறைக்குள் யாரையும் விடமாட்டார்கள் என்பதால், வாசலில் நின்று கட்டை விரலைத் தூக்கிக்காட்டிப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். சங்கத் தலைவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். எதைப் பேசினாலும் தண்ணீரில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்பதில் வந்து முடிப்பதால் அவருக்கு ஆக்ஸிஜன் என்றே பெயர். அவர் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்று, உள்ளே மொட்டைத் தலையோடு படுத்திருந்த அக்காவிடம் போனில், "தண்ணி எத்தனை நாளுக்கு ஒரு தடவை மாத்துவீங்க?" என்று கேட்டார். அவள் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க மறந்துவிட்டார்.

தொட்டியைப் பார்த்துக்கொள்ள மூன்று பேர் முன்வந்தார்கள். ஒருவர் ஆக்ஸிஜன். இன்னொருவர் தொட்டி செய்து விற்கும் கண்ணாடிக் கடைக்காரர். மூன்றாமவர் பல் டாக்டர். முறை வைத்துக்கொண்டு வருவதாகப் பேச்சு. ஆளுக்கொரு வீட்டுச் சாவி கொடுத்தேன்.

இந்த மேதாவிகளின் சங்கத்தில் சுவரில் பெரிய எழுத்தில் ஒரு பலகை உண்டு: 'தீனியைக் குறை, மீனைக் காப்பாற்று.' கப்பி மீனுக்கு எப்போதும் பசிதான். ஆளைக் கண்டால் கண்ணாடியில் வந்து முட்டும். அதை நம்பிப் போட்டால், தின்றது போக மிச்சம் அடியில் அழுகித் தண்ணீர் கெடும். இது ஊரில் யாருக்குத் தெரியாவிட்டாலும் இவர்களுக்குத் தெரியும். ஆனால் அதைவிட நன்றாகத் தெரிந்தது, மற்ற இருவரும் முட்டாள்கள் என்பது. டாக்டருக்கு என்ன தெரியும், பட்டினி போட்டிருப்பார் என்று கடைக்காரர் நினைத்தார். கடைக்காரன் கஞ்சன், கிள்ளித்தான் போட்டிருப்பான் என்று டாக்டர் நினைத்தார். ஆக்ஸிஜன் யாரையுமே நம்புகிறவர் இல்லை. முறையாவது ஒன்றாவது, மூன்று பேரும் தினமும் வந்தார்கள். ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் வந்து, டைலரம்மா பாவம் என்று உருகி, ஒரு பிடி போட்டுவிட்டுப் போனார்கள்.

ஒரு நாள் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால் வீடே நாறியது. தொட்டித் தண்ணீர் கஞ்சி போல வெளுத்துக் கிடந்தது. கிழிசல்கள் அத்தனையும் வயிற்றைக் காட்டி மிதந்தன. வெறும் மீன்தானே என்று சொல்லிக்கொண்டே வலையில் அள்ளினேன். பாதிக்கு மேல் முடியவில்லை, தரையில் உட்கார்ந்துவிட்டேன். அக்காவே போய்விட்டது மாதிரி இருந்தது.

மறுநாள் பல் டாக்டரின் கிளினிக்கில் மூவரையும் கூட்டி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். "நான் கொஞ்சூண்டுதாம்மா போட்டேன்" என்றார்கள் மூன்று பேரும்.

"எங்க அக்கா வந்து கிழிசல் எங்கன்னு கேட்டா என்ன சொல்லட்டும்? உங்க தீர்மானத்தை எடுத்துப் படிக்கட்டுமா?"

மூவரும் தரையைப் பார்த்தார்கள். அந்தத் திருட்டு முழியின் அர்த்தம் எனக்கு அப்போது புரியவில்லை.

முதலில் கண்ணாடிக் கடைக்காரர் வந்தார். கையில் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பை, அதற்குள் பொடிப்பொடியாகக் கிழிசல் குட்டிகள். "வழியில ஒரு கடையில இதே மாதிரி இருந்துச்சும்மா" என்றார். அடுத்து பல் டாக்டர். "ஒரு பேஷன்ட் குடுத்தாரு." கடைசியாக ஆக்ஸிஜன், மூடி போட்ட வாளியோடு. "தொட்டி கழுவுறப்ப என் வாளியில ஏதோ தவறி விழுந்திருக்கும் போல. குட்டி போட்டுடுச்சு" என்றார். மீன் தவறி விழுமாம். அதுவும் வயிற்றில் குட்டியோடு இருக்கிற பெட்டையாகப் பார்த்துத் தவறி விழுமாம். கெட்ட வார்த்தை வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் குட்டிகள் உயிரோடு இருந்தன. அவர்கள் அன்பாகக் கவனித்ததெல்லாம் செத்தது, திருடியதுதான் மிஞ்சியது.

புதுத் தண்ணீர் நிரப்பி மூன்று வீட்டுக் குட்டிகளையும் ஒரே தொட்டியில் விட்டேன். மூன்று சாவியையும் வாங்கிப் பூட்டி வைத்தேன்.

அக்கா வீடு திரும்பினாள். பாதி உடம்பாக, முகமூடியோடு, என் தோளைப் பிடித்துக்கொண்டு. மூவரும் வாசலில் கும்பிட்டு நின்றார்கள். அவள் அவர்களைக் கவனிக்காமல் நேராகத் தொட்டிக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"எல்லாம் சின்னதா இருக்கே. என் பெரிசுங்க எங்கடி?"

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நடந்ததைச் சொன்னேன், வாளியில் தவறி விழுந்தது உட்பட. அக்கா மெல்லத் திரும்பி வாசலைப் பார்த்தாள்.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க சார். எப்ப எடுத்தீங்க? நான் ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

முன்னாடி என்றால் வெறும் திருட்டு. பின்னாடி என்றால், இவள் இனி எங்கே திரும்பப் போகிறாள் என்று முடிவு கட்டி எடுத்தது.

கண்ணாடிக் கடைக்காரருக்கு வியர்த்தது. பல் டாக்டர் அவருக்குப் பின்னால் நகர்ந்துகொண்டார். ஆயிரம் பிள்ளைகளுக்கு, திருடாதே, பொய் சொல்லாதே என்று பாடம் எடுத்த ஆக்ஸிஜன்தான் ஒரு அடி முன்னால் வந்தார்.

"முன்னாடிதான்மா. நீங்க நல்லா நடமாடிட்டு இருந்தப்பவே உங்க வீட்டுக்கு வந்து திருடிட்டேன்."

"நானும் முன்னாடிதான்" என்றார் டாக்டர். "சத்தியமா முன்னாடிதான் டைலரம்மா" என்றார் கடைக்காரர்.

தொட்டியில் இருந்த குட்டிகளுக்கு அப்போதுதான் வால் ஓரம் லேசாகக் கிழிய ஆரம்பித்திருந்தது. முன்னாடியே எடுத்திருந்தால் இதற்குள் வால் முழுசாகக் கிழிந்திருக்கும் என்பது, இத்தனை நாள் தொட்டியைப் பார்த்துக்கொண்ட எனக்கே தெரியும் என்றால் அக்காவுக்குத் தெரியாதா? ஆயுசுக்கும் ஒட்டுப்போட்டவள் அவள். முகமூடிக்கு மேலே அவள் கண்கள் நிறைந்துவிட்டன.

"அப்ப சரி" என்றாள். "திருட்டுப் பசங்களா, கையைக் கழுவிட்டு உள்ள வாங்க. யாரும் தீனி போடக் கூடாது."