ஊருக்குப் போன மஞ்சள் எழுத்து

என் கைப்பேசியில் எழுத்துகள் பெரியவை. ஒரு திரையில் மூன்று நான்கு சொற்களுக்கு மேல் நிற்காது. சனிக்கிழமை காலை எங்கள் அலுவலகக் குழுவில் கார்த்திக் அனுப்பிய செய்தியின் முதல் திரையில் "நம்ம ஜரீனா காலைல" என்று மட்டும் இருந்தது. பெருநாளுக்கு இன்னும் நாளிருக்கிறதே, அதற்குள் யாருக்கோ பிரியாணி கொடுத்தனுப்பிவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே விரலால் தள்ளினேன். அடுத்த திரையில் மாரடைப்பு என்றிருந்தது. அதற்கடுத்த திரைக்குப் போக எனக்குச் சற்று நேரம் பிடித்தது. அந்தப் பெரிய எழுத்தை என் கைப்பேசியில் வைத்துக் கொடுத்தவளே அவள்தான்.

'அவர்' என்று எழுதுவதுதான் முறை. ஆனால் பல வருடம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவளை அப்படிச் சொன்னால், "இன்னா நைனா, நான் எப்போ உனுக்கு மாமியாரானேன்?" என்று கேட்பாள். அதனால் அவள் என்றே எழுதுகிறேன். ஆழ்வார்பேட்டையில் எங்கள் மென்பொருள் அலுவலகத்தில் அவளோடு வேலை பார்த்த நீங்கள் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள்.

புதியவர்களின் முதல் நாளில் அவள் நடத்தும் கச்சேரி உங்களில் யாருக்கும் மறந்திருக்காது. புதிதாகச் சேர்ந்தவர் யாராக இருந்தாலும் அவரை எழுப்பிவிட்டு, அந்த நாற்காலியில் தான் உட்கார்ந்து, நாம் நிரல் எழுதும் எடிட்டரின் செட்டிங்ஸ் ஃபைலைத் திறப்பாள். மெனுவில் தேடித் தேடிக் கிளிக் செய்வது அவளுக்குப் பிடிக்காது. எழுத்தின் அளவு, நிறம், எந்த விசைக்கு எந்த வேலை, எல்லாவற்றையும் அந்த ஃபைலில் வரிவரியாக எழுதி வைக்க வேண்டும். "எடிட்டர்ன்றது சட்டை மாதிரி. கடைக்காரன் குட்த்த அளவுலயே மாட்டிக்கினு திரியாதே, உன் தோளுக்குத் தச்சிக்கோ" என்பாள். ராயப்பேட்டையில் அவள் அப்பாவுக்குத் தையல்கடை இருந்தது. பேச்சு அங்கிருந்து வந்தது.

அடுத்தது அவள் சட்டம். செட்டிங்ஸ் ஃபைல் இரண்டு உண்டு. ஒன்று நம் கணினியில், நமக்கே நமக்காக இருப்பது. இன்னொன்று புராஜெக்டின் கோப்புகளோடு சேர்ந்து இருப்பது. அதில் ஒருவர் ஒரு வரியை மாற்றி அனுப்பினால் எல்லோருடைய எடிட்டரும் மாறிவிடும். "ஊருக்கு வோணும்ன்றத ஊர்ல வை, உனுக்கு வோணும்ன்றத உன் வூட்ல வை." இதை மீறித் தனக்குப் பிடித்த நிறத்தைப் பொது ஃபைலில் போட்ட கார்த்திக்குக்கு, எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும் என்று அபராதம் விதித்தாள். அவனும் முணுமுணுத்துக்கொண்டே வாங்கித் தந்தான்.

அந்தச் சமயத்தில்தான் என் கண்ணில் நடுப்பார்வை மங்க ஆரம்பித்தது. மெதுவாகத்தான் போகும், ஆனால் போனது திரும்பாது என்றார் டாக்டர். நிரல் எழுதுவதைத் தவிர எனக்கு வேறு தொழில் தெரியாது. விஷயம் தெரிந்தால் நல்ல வேலையெல்லாம் கையைவிட்டுப் போகும், பாவம் பார்த்து ஒரு மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள் என்று பயந்தேன். அந்தப் பாவம் பார்ப்பதற்குத்தான் அதிகம் பயந்தேன். மயிலாப்பூர் வீட்டில் என் மனைவி, "ஆத்துல மட்டும் தெரிஞ்சாப் போறுமா? ஆஃபீஸ்ல சொல்லிடுங்கோளேன்" என்று நச்சரிப்பாள். நானோ திரையில் மூக்கை ஒட்டி உட்கார்ந்துகொண்டு, கேட்டவர்களிடம் தூக்கம் போதவில்லை என்று சமாளித்தேன்.

ஜரீனாவிடம் அந்தப் பருப்பு வேகவில்லை. ஒருநாள் மெஸ்ஸில் சாப்பிடும்போது, "போர்டுல எழுதிக்கீறத நீ படிக்கிறதே இல்ல. நான் இன்னா கேக்குறேனோ அதையே நீயும் கேக்குற. கண்ணு இன்னாச்சு?" என்றாள். சொன்னேன். ஐயோ பாவம் என்று ஒரு வார்த்தை வரவில்லை. ரசத்தைக் குடித்து முடித்துவிட்டு, "சரி வா, உன் சட்டைய பிரிச்சித் தைக்கணும்" என்று எழுந்தாள்.

அன்றிலிருந்து மதிய இடைவேளை பாதி என் செட்டிங்ஸுக்குப் போனது. வெள்ளைத் திரை எனக்குக் கூசியது. கறுப்பில் மஞ்சள் எழுத்து வைத்தாள். கர்சரைத் தடியாக்கினாள். தப்பான வரிக்கு அடியில் வரும் மெல்லிய சிவப்பு நெளிகோடு என் கண்ணில் படாது. வரி முழுவதும் பட்டையாக நிறம் மாறும்படி செய்தாள். போதாதென்று, கர்சர் அந்த வரிக்கு வந்தால் 'டொய்ங்' என்று ஒரு சத்தம். ஒரு வரி எழுதுவாள், "தெர்தா?" என்பாள், இல்லையென்றால் எண்ணை மாற்றி மறுபடி கேட்பாள். அளவு கொடுக்க வந்தவனைப் போல நான் அசையாமல் உட்கார்ந்திருப்பேன். யாரிடமும் அவள் மூச்சுவிடவில்லை.

ஒரு மதியம், பொது ஃபைலிலும் என் ஃபைலிலும் மாறிமாறி வேலை பார்த்துக்கொண்டிருந்தவள், எனக்காக எழுதிய வரிகளைக் கைதவறிப் பொது ஃபைலில் சேர்த்து அனுப்பிவிட்டாள். சட்டம் போட்டவளே! சிறிது நேரத்தில் ஒவ்வொருவர் எடிட்டராகக் கறுத்தது. மஞ்சள் எழுத்து பூதாகரமாக நின்றது. நாலாபக்கமும் டொய்ங், டொய்ங். "யாரு மச்சி இது, பஸ் போர்டு சைசுல?" என்று கார்த்திக் கத்தினான். மேலாளர் கீதா மேடம் வெளியே வந்து, "யாரோட செட்டிங்ஸ் இது?" என்று கேட்டார்.

"என்னுது மேடம். வயசாவுது, கண்ணு தெர்ல" என்று ஜரீனா எழுந்து நின்றாள். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. எனக்காக அவள் பொய் சொல்லிக்கொண்டு நிற்க, என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. "இல்ல மேடம், என்னோடது. கண் தெரியாதது எனக்குத்தான்" என்றேன்.

மேடம் கார்த்திக்கின் திரையைச் சற்று நேரம் பார்த்தார். "இப்படி இருந்தா உங்களால வேலை செய்ய முடியுதா?" என்றார். முடிகிறது என்றேன். "அப்புறம் என்ன? ஜரீனா, எங்களோடத எங்களுக்குத் திருப்பிக் குடும்மா." அவ்வளவுதான். மாதக்கணக்கில் நான் பயந்த பேச்சு டீ ஆறுவதற்குள் முடிந்துபோனது. பாவம் பார்க்க அங்கே யாருக்கும் நேரமில்லை.

ஜரீனாதான் தேறவில்லை. "வூட்ல வைக்க வேண்டியத ஊர்ல வெச்சிட்டேனே நைனா" என்று கண்கலங்கினாள். நல்லதுதான் நடந்தது என்று எத்தனை முறை சொன்னாலும் ஏற்கவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு நோன்புப் பெருநாளுக்கும் எங்கள் வீட்டுக்கு ஒரு டப்பா சேமியா பாயசம் கூடுதலாக வரும். "இது பெருநாளுக்கு இல்ல, ஃபைனு" என்பாள். அவள் தெரிந்து செய்த உதவிகள் பல. தெரியாமல் செய்த அந்த ஒன்றுதான் என்னை இன்றுவரை அந்த நாற்காலியில், நல்ல வேலையோடு, நிமிர்ந்து உட்கார வைத்திருக்கிறது. அதை அவள் நம்பும்படி சொல்ல எனக்குத் தெரியாமலே போய்விட்டது. இங்கே சொல்லிவிடுகிறேன்.

அன்று என் வரிகளை எல்லாம் பொது ஃபைலிலிருந்து அவள் எடுத்துக்கொண்டே வந்தபோது, சத்தத்துக்கான வரியில் மட்டும் கார்த்திக் தடுத்தான். "அது இருக்கட்டும்க்கா. அவரு மெசின் மட்டும் தனியா கத்திக்கினு இருந்தா ஒரு மாதிரியா இருக்கும்" என்றான். அவள் முறைத்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

திங்கட்கிழமை அலுவலகம் போனோம். அவள் நாற்காலியை யாரும் நகர்த்தவில்லை. கார்த்திக்கின் பக்கமிருந்து ஒரு டொய்ங் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஜன்னலோரத்திலிருந்து இன்னொன்று. அவள் எனக்குக் கொடுத்த மஞ்சள் எழுத்தும், தடித்த கர்சரும், என் கண்ணைப் பற்றிக் கூசாமல் பேசும் தைரியமும் என் வீட்டில் பத்திரமாக இருக்கின்றன. சத்தம் மட்டும் இன்னும் ஊரில் இருக்கிறது. அவள் சட்டப்படி அது தப்பான இடம்தான். நாங்கள் யாரும் அதைத் திருத்தப்போவதில்லை.