சேகர் அண்ணனின் பெட்டி கூச்சிங் வரவில்லை

1. கேட்டில்

செனாய் விமான நிலையத்தில் எங்கள் வரிசை விமானத்தை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தபோது, ஏர்லைன் பெண் ஒருத்தி கையில் டேக்குகளோடு வந்தாள். ஃப்ளைட் ஃபுல், மேலே இடமில்லை, சக்கரப் பெட்டிகளை எல்லாம் கார்கோவில் போட வேண்டும் என்று மலாயில் சொன்னாள். என்னிடம் முதுகுப் பை மட்டும் இருந்ததால் தப்பித்தேன். எனக்கு முன்னால் நின்ற சேகர் அண்ணன் பெட்டியின் கைப்பிடியை விடவில்லை. சின்னப் பெட்டிதான், காலடியில் வைத்துக்கொள்கிறேன் என்று அவளிடம் கெஞ்சினார்.

என் பின்னால் எங்கள் முதலாளி ஹனிபா பாய் நின்றிருந்தார். "குடுத்துடு லா சேகர். பின்னால ஆளுங்க நிக்கிறாங்க பாரு."

அண்ணன் பாயைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பெட்டியைக் கொடுத்துவிட்டார்.

ஸ்கூடாயில் இருக்கும் எங்கள் கம்பெனி உணவுத் தொழிற்சாலைகளுக்குப் பேக்கிங் மெஷின் விற்கிறது. சேகர் அண்ணன் சேல்ஸ் மேனேஜர். நான் டெமோ இன்ஜினியர். மெஷினை ஓட்டிக் காட்டி விளக்குவது என் வேலை. மாதத்தில் பாதி நாள் ஊரில் இருக்க மாட்டோம். பயணம் செய்யவே எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். எந்த சீட் கேட்பது, சட்டையைக் கசங்காமல் எப்படிச் சுருட்டுவது எல்லாம் அவருக்கு அத்துப்படி. அப்படிப்பட்டவர் அன்று விமானத்தில் கண்ணை மூடவே இல்லை.

வாடிக்கையாளர் ஒருவரிடம் மெஷின் விற்கப் போன கூச்சிங்கில் இறங்கினோம். பெல்ட் சுற்றிச் சுற்றி நின்றது. எல்லோருடைய பெட்டியும் வந்தது, அவருடையது வரவில்லை. கவுண்டரில் இருந்தவரிடம் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டார். தவறிப்போய் வேறு விமானத்தில் ஏற்றியிருக்கலாம், நாளைக்கு ஓட்டலுக்கு அனுப்புகிறோம் என்றார்கள்.

"அப்படி என்னண்ணே இருக்கு அதுல?"

"ஒண்ணுமில்ல லா. சட்டைதான்."

சட்டைக்காக யாருக்கும் அப்படி வியர்க்காது.

2. விருந்தும் மறுநாள் காலையும்

அன்று மாலை வாடிக்கையாளர் எங்களை விருந்துக்கு அழைத்துப் போனார். மீ நூடுல்ஸ் தொழிற்சாலை முதலாளி அவர். மேசை நிறைய மீனும் இறாலும் வந்தன. அண்ணன் தட்டில் சோற்றைக் கிளறிக்கொண்டே இருந்தார், வாயில் வைத்த மாதிரித் தெரியவில்லை. தண்ணீர் மட்டும் கிளாஸ் கிளாஸாகக் குடித்தார். வயிறு சரியில்லை என்றார். பாய் சிரித்துக்கொண்டே அவருக்கும் சேர்த்துச் சாப்பிட்டார்.  ஏதோ சரியில்லை என்று எனக்குத் தெரிகிறது, என்னவென்று தெரியவில்லை. அந்தப் பயம் ஒரு மாதிரி.

காலையில் நான் லாபிக்கு வந்தபோது அவர் ஏற்கெனவே சோபாவில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் காலி மினரல் வாட்டர் பாட்டில்கள். மாடிப்படி ஏறி வந்தவர்போல் மூச்சு வாங்கினார். உதடு வெடித்திருந்தது.

"அண்ணே, என்ன ஆச்சு?"

"ராத்திரி ரெண்டு தடவ வாந்தி." குரலைத் தாழ்த்தினார். "இன்சுலின் அந்தப் பெட்டியில இருக்கு. சுகர் டெஸ்ட் பண்ற மெஷினும் அதுலதான். நேத்து மத்தியானத்துக்கு அப்புறம் ஊசி போடல."

அவர் ஊசி போடுகிறவர் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

"கேட்டிலயே மருந்த வெளிய எடுத்திருக்கலாமே அண்ணே!"

"பாய் பின்னால நின்னாரு. முன்னால இருந்த மேனேஜர் ஞாபகம் இருக்கா? ஹார்ட் பிரச்சினைன்னு தெரிஞ்சதும் அவுட்ஸ்டேஷன் பயணம் வேணாம்னு ஸ்டோர்ல உக்கார வச்சாங்க. ஒரு வருசம்கூட தாங்கல, வேலைய விட்டுப் போயிட்டாரு. மீட்டிங் முடியட்டும், கிளினிக் போறேன். நீ பாய்கிட்ட சொல்லிடாத மா."

வெளியே வாடிக்கையாளர் அனுப்பிய கார் நின்றது. லிஃப்ட் திறந்து பாய் வந்துகொண்டிருந்தார். அண்ணன் என் முகத்தையே பார்த்தார். பேசாமல் இருந்தால் அவர் வேலை தப்பிக்கும், அவர் தப்பிப்பாரா என்று தெரியாது. 

"பாய், அண்ணனுக்கு சுகர். இன்சுலின் போடாம இருக்காரு. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். பாய் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பாய்க்குக் கோபமா பயமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"நீ மீட்டிங்குக்குப் போ நிர்மலா. நான் இவன கூட்டிட்டுப் போறேன்."

3. தனியாக ஒரு மீட்டிங்

அதுவரை நான் தனியாகப் பேரம் பேசியதில்லை. பாக்கெட் ஃபிலிம் சீல் ஆகும் சூடு, மெஷின் வேகம் என்று கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்று இப்போது கேட்டால் தெரியாது. கண் மேசையில் கிடந்த போனிலேயே இருந்தது. வாடிக்கையாளருக்கு அது பிடிக்கவில்லை. கடைசியில் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஃபைலை மூடிவிட்டு, "போய்ப் பாருங்கள், மெஷினை அப்புறம் பேசலாம்" என்று காரை அனுப்பினார்.

வார்டில் அண்ணனுக்கு டிரிப் ஏறிக்கொண்டிருந்தது. மதியம் வரை தள்ளிப்போட்டிருந்தால் ஐசியுவில்தான் பார்த்திருப்பீர்கள் என்று டாக்டர் சொன்னாராம். பெட்டி வந்தாலும் அதிலுள்ள இன்சுலினைப் பயன்படுத்த வேண்டாம், கார்கோவில் உறைந்து கெட்டுப்போயிருக்கலாம் என்றும் சொல்லியிருக்கிறார்.

பாய் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். "ஏன்பா மறைச்ச?"

"சொன்னா வெளியூர் வேலையில இருந்து எடுத்துடுவீங்க பாய்."

பாய் பொய் சொல்லிச் சமாளிப்பார் என்று நினைத்தேன். "எடுத்திருப்பேன்தான்," என்றார்.

ஊர் திரும்பியதும் பாய் அண்ணனை ஆபீஸில் உட்கார வைத்தார். அவருடைய பயணங்கள் எனக்கு வந்தன. உயிரைக் காப்பாற்றினேன் என்று மற்றவர்கள் சொன்னார்கள். அண்ணன் என்னிடம் வேலை விஷயம் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. ஒவ்வொரு முறை பெட்டி கட்டும்போதும் அவர் இடத்தைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. பாயிடம் போய்ச் சொன்னேன், மருந்து கையில் இருந்திருந்தால் அன்றைக்கு ஒன்றுமே ஆகியிருக்காது என்று. அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. டாக்டரிடம் கேட்டார், அண்ணனிடம் கேட்டார், இன்னும் சில வாரம் இழுத்தார்.

ஒருநாள் பெர்மாஸ் ஜெயாவில் என் வீட்டில் நான் இருந்தபோது அண்ணன் போன் செய்தார்.

"நிர்மலா, திங்கக்கிழம நான் பினாங்கு போறேன். பாய் சரின்னுட்டாரு. ரூம் நீதானே புக் பண்ற? ஃப்ரிட்ஜ் இருக்கான்னு கேட்டு எடு. இன்சுலின் வைக்கணும்."

ஆபீஸில் இருந்து, எல்லோர் முன்னாலும் சத்தமாகப் பேசினார். பின்னால் பிரிண்டர் ஓடும் சத்தம்கூட எனக்குக் கேட்டது.

புதிதாகப் பயணம் போகிற பிள்ளைகள் என்னிடம் நல்ல பெட்டி எது, நல்ல சீட் எது என்று கேட்கிறார்கள். சொல்கிறேன். அதற்கு முன்னால் மருந்தை உடம்போடு வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். கூட வருகிறவர் ஒருவருக்காவது அது தெரிந்திருக்க வேண்டும். சொல்ல உங்களுக்குப் பயமாக இருந்தால், அந்தப் பயத்தை உண்டாக்கியது கூட வேலை செய்யும் நாங்களா என்று எங்களைக் கேளுங்கள்.