கிருபாவின் பாய் விரித்திருந்த இடம்

"யம்மா, காத்து வரல."

என் மகள் கிருபா ஐந்து வயதில் அடிக்கடி சொன்ன வார்த்தை இது. பெற்றவளுக்கு இதைவிடக் கொடிய வார்த்தை இல்லை. அவளுக்கு இழுப்பு வந்தால் விலா உள்ளே குழியும். கழுத்து நரம்பு புடைக்கும். அந்த நேரத்தில் தாயாக இருப்பது எப்படி என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும், சகோதரிகளே.

அது தொண்ணூறுகளின் கடைசி. கோவில்பட்டியில் ஓர் அறையும் அடுக்களையுமாக ஒரு சின்ன வீட்டில் இருந்தோம். என் கணவர் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தார். நான் வீட்டிலேயே தீப்பெட்டிக் கூடு ஒட்டினேன். மைதா காய்ச்சிய பசை எப்போதும் ஒரு சட்டியில் இருக்கும். அட்டைக்கட்டுகள் ஒரு சுவரையே மறைத்து நின்றன. அந்த ஓரத்தில்தான் கிருபாவுக்குப் பாய்.

ஆஸ்பத்திரியில் ஆவி வைப்பார்கள். தேறி வருவாள். மறுபடி இழுக்கும். கரிசல் புழுதிதான் காரணம் என்று நினைத்து, வெளியே விளையாட விடாமல் சன்னலையும் சாத்தினேன். இழுப்பு இன்னும் கூடியது.

எங்கள் ஜெபக்குழுவை நடத்தும் எஸ்தரக்கா, ஆஸ்பத்திரியில் கொடுத்த, பிள்ளை வாயில் வைத்து உறிஞ்சும் மருந்துப் பம்பைப் பார்த்துவிட்டு, "ஏட்டி ராணி, ஆண்டவரை நம்புதவளுக்கு இது எதுக்கு?" என்று கேட்டார். அன்பினால்தான் கேட்டார். நான் மருந்தை நிறுத்தவில்லை. ஆனால் கொடுக்கும்போதெல்லாம், எனக்கு விசுவாசம் இல்லையோ என்று உள்ளுக்குள் குறுகிப்போனேன்.

கோடை விடுமுறையில் பெட்டி வேலை அதிகமாக இருந்ததால் கிருபாவைக் குளத்தூரில் என் தங்கை வீட்டில் விட்டோம். அங்கே எங்கு பார்த்தாலும் புழுதி. பயந்துகொண்டே பார்க்கப் போனேன். ஓடிவந்து கட்டிக்கொண்டாள். மூச்சில் துளி சத்தமில்லை! சந்தோஷமாகக் கூட்டிவந்தேன். வந்த வாரமே மறுபடி இழுத்தது.

அன்று அடுக்களையில் முழங்காலிட்டேன். அதுவரை "இந்த நோயை எடுத்துப்போடும்" என்றுதான் கேட்டிருந்தேன். அன்று வேறு வார்த்தை வந்தது. "ஆண்டவரே, இந்த வீட்டில் என்ன இருக்கிறது? எனக்குக் காட்டும்."

அடுத்த தடவை ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு டாக்டரம்மா இருந்தார். குளத்தூர் விஷயத்தைச் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்மா, வீட்டுல பிள்ள எங்க படுக்கா?"

"பெட்டி ஒட்டுத அட்டைய அடுக்கி வச்சிருக்கோம். அதுக்குப் பக்கத்துல."

"கரப்பான் உண்டா?"

எனக்கு முகம் சுண்டிவிட்டது. தன் வீட்டில் கரப்பான் மேய்கிறது என்று எந்தப் பெண் சொல்வாள்? "வரும்" என்றேன் மெதுவாக.

"பசைக்குக் கூட்டமா வரும்மா. அதோட எச்சமும் உதிர்ந்த தோலும் காஞ்சு தூசியாயிரும். சில பிள்ளைகளுக்கு அது மூச்சுல போனா இழுப்பு கெளம்பிரும். மொதல்ல அந்த அடுக்கை வெளிய கொண்டுபோங்க. ஸ்பிரே அடிச்சிராதீங்க, அந்த நெடியும் ஆகாது. பம்பை நிறுத்தவே கூடாது."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நான் அடுக்களையில் கேட்ட கேள்விக்கு இவர் பதில் சொல்கிறார்! ஆனால் பஸ்ஸில் வரும்போதே கவலை பிடித்துக்கொண்டது. பெட்டி வேலையை விட்டால் எப்படிப் பிழைப்பது? வேறு இடத்துக்கு எங்கே போவது?

வீட்டுக்கு வந்து சொன்னதும், "ஏட்டி, காட்டுனவரு பாதியில விட்டிர மாட்டாரு" என்றார் என் கணவர்.

ஜெபக்கூட்டத்தில் வெட்கத்தை விட்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எஸ்தரக்கா சில சகோதரிகளோடு விளக்குமாறும் வாளியுமாக எங்கள் வாசலில் நின்றார். கிருபாவை அவர் வீட்டில் விட்டுவிட்டு, மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு அட்டையை இறக்கினோம். அடியிலிருந்த அட்டைக்கட்டைத் தூக்கியதும் கரப்பான்கள் சுவரெங்கும் சிதறின. தரையில் மிளகுப் பொடியைக் கொட்டினாற்போல எச்சம். என் பிள்ளை தலைவைக்கும் இடம் அது.

எஸ்தரக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டார். "இதையா பிள்ள மூச்சுல இழுத்துக்கிட்டுக் கெடந்தா? நான் போயி பம்பைக் குத்தம் சொன்னேனே."

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "ஏட்டி, எங்க பொறவாசல்ல மாட்டுச் சாய்ப்புக் கொட்டகை சும்மாதான் கெடக்கு. பெட்டிய அங்கன வச்சு ஒட்டு."

அன்றே அட்டையெல்லாம் அங்கே போயிற்று. என் கணவர் சுவர் வெடிப்புகளைச் சிமெண்டு வைத்து அடைத்தார். நான் ஈரத்துணியால் தரையைத் துடைத்தேன். சாப்பாட்டுச் சாமான் எதையும் திறந்து வைப்பதில்லை.

ஒரே நாளில் சுகம் வந்துவிட்டது என்று சொன்னால் அது பொய்ச் சாட்சி. பிறகும் சில தடவை இழுத்தது. மெல்ல மெல்லக் குறைந்தது. டாக்டரம்மாவே மருந்தையும் குறைத்தார். ஒருநாள் கிருபா தெருப்பிள்ளைகளோடு தொட்டுப்பிடித்து விளையாடி, வேர்த்து வழிய உள்ளே வந்து, "யம்மா, பசிக்கி" என்றாள். தட்டு நிறையச் சோறு போட்டேன். கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்ல வாய் வரவில்லை, அழுகைதான் வந்தது.

உங்களில் யாருடைய பிள்ளையாவது இப்படிக் கஷ்டப்பட்டால் தயங்காமல் ஆண்டவரிடம் கேளுங்கள். மருந்தையும் கொடுங்கள். அவர் காட்டுவது வெட்கப்படுகிற காரியமாக இருந்தாலும் மறைக்காதீர்கள். எங்களிடம் சொல்லுங்கள். விளக்குமாறோடு நாங்கள் வருகிறோம்.